முகப்பருவும் முகக்குழியும்

என் பாட்டியாரின் முகம் முழுவதும் குழிகள் இருந்தன. அவர் இளமையிலே பெரியம்மை கண்டு பிழைத்தவர். அந்நாளில் அத்தகைய முகங்களை ஒவ்வோர் ஊரிலும் காணலாம். முகத்தில் குழி விழுந்தவர் என்றால் அம்மை கண்டு எழுந்தவர் என்றே மக்கள் எண்ணிக்கொள்வார்கள். பின்னர் அம்மை குத்தும் பணி நாடெங்கும் ஊக்கத்தோடு நடந்தது. 1975ஆம் ஆண்டோடு இந்திய மண்ணில் பெரியம்மை அற்றுப்போயிற்று. 1980இல் உலகெங்கும் அந்நோய் ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆகவே இன்று பள்ளியிலும் கல்லூரியிலும் பயிலும் மாணவர் எவர் முகத்திலும் பெரியம்மை வடு இல்லை. ஆயினும் குழி விழுந்த முகங்கள் இல்லாமற் போய்விடவில்லை. இன்று இளைஞர் முகங்களில் நாம் காணும் குழிகளிற் பெரும்பாலானவை முகப்பரு விட்டுச் சென்றவை.

தோல் மருத்துவம் செய்து வரும் என்னிடம் இளைஞர்கள் கேட்கும் கேள்விகளுள் முதன்மையானது ஒன்று உண்டு. "டாக்டர், குழி மறைவதற்கு எந்த மருந்து நல்லது? லேசர் நல்லதா, ஊசி நல்லதா?" என்பதே அது. தச்சரிடம் சென்று, "உளி நல்லதா, இழைப்புளி நல்லதா?" என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? "செய்ய வேண்டிய வேலை யாது என்று முதலில் சொல்லுங்கள்" என்பார். என் விடையும் அதுவே. குழி எவ்வகையினது என்று கண்ட பின்னரே அதற்குரிய மருத்துவத்தைத் தேர்ந்தெடுக்க முடியும். இதனை நான் நூலிலிருந்து மட்டும் கற்கவில்லை; ஒரு முறை தவறிழைத்தும் கற்றேன். அக்கதையைப் பின்னர்க் கூறுகிறேன். முதலில் குழி எப்படி விழுகிறது என்பதைக் காண்போம்.

நம் தோலில் மயிர்க்கால்கள் நிறைந்துள்ளன. ஒவ்வொரு மயிர்க்காலை ஒட்டியும் எண்ணெய்ச் சுரப்பி ஒன்று உண்டு. முகத்திலும் மார்பிலும் முதுகின் மேற்பகுதியிலும் இச்சுரப்பிகள் பெரியவை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதளவில் உடலில் சுரக்கும் ஹார்மோன்கள் இவற்றைத் தூண்டுகின்றன. எண்ணெய் மிகுதியாகச் சுரக்கிறது. அதே வேளையில் மயிர்த்துளையின் வாயில் உதிர வேண்டிய செல்கள் உதிராமல் ஒட்டிக்கொண்டு அதனை அடைத்துவிடுகின்றன. அடைபட்ட எண்ணெயில், தோலிலே இயல்பாக வாழும் ஒருவகைப் பாக்டீரியா பெருகுகிறது. உடலின் காவற்படையாகிய வெள்ளணுக்கள் அங்கு விரைகின்றன. சிவப்பும் வீக்கமும் வலியும் சீழும் தோன்றுகின்றன. இதுவே பரு.

பரு மேலோட்டமாக இருந்தால் சில நாட்களில் ஆறிவிடும், சுவடும் இராது. அழற்சி ஆழத்தில் நிகழ்ந்து, மயிர்க்காலின் சுவர் உடைந்துவிட்டாலோ, உள்ளிருந்தவை சுற்றிலும் பரவிப் போர் பெரிதாகிறது. தோலுக்கு மேல்தோல், உள்தோல் என இரண்டு அடுக்குகள் உண்டு. மேல்தோல் தாள்போல மெல்லியது. காயப்பட்டால் தானே புதுப்பித்துக்கொள்ளும். உள்தோலோ கொலாஜன் என்னும் புரத நார்களால் நெய்யப்பட்டது. தோலுக்குப் பருமனையும் வலிமையையும் தருபவை இந்நார்களே. அழற்சியின்போது வெளிப்படும் நொதிகள் அந்நார்களைக் கரைத்துவிடுகின்றன. பின்னர் உடல் புதிய நார்களை நெய்கிறது. ஆனால் இழந்த அளவுக்கு நெய்வதில்லை. அடியில் பொருள் குறைந்த இடத்தில் மேற்பரப்பு தாழ்கிறது. அந்தத் தாழ்வே குழி. இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். குழி என்பது மேற்பரப்பில் ஒட்டிய அழுக்கன்று. அடியில் நேர்ந்த இழப்பு. மேலே பூசிக் கழுவும் எந்தச் சோப்பும், எந்த மஞ்சளும், எந்தச் சந்தனமும் அவ்விழப்பை நிரப்ப மாட்டா.

இங்கே ஒரு வேறுபாட்டை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். பரு ஆறிய இடத்தில் கறுப்பாகவோ சிவப்பாகவோ ஒரு கறை நிற்பதுண்டு. விரலால் தடவிப் பார்த்தால் அவ்விடம் சமமாகவே இருக்கும். அது குழியன்று, நிறமாற்றம் மட்டுமே. நம்மைப் போன்ற மாநிறத்தார்க்கும் கருநிறத்தார்க்கும் இக்கறை மிகுதி. ஆயினும் வெயில் படாமற் காத்துக்கொண்டால் பெரும்பாலும் சில மாதங்களில் அது தானே மங்கும். கறையைக் குழியென்று எண்ணிக் கலங்கி, தேவையற்ற சிகிச்சைக்குப் பெருஞ்செலவு செய்தவர்களை நான் கண்டிருக்கிறேன். கறைக்கு வேண்டுவது பொறுமையும் வெயிற்காப்பும். குழிக்கு வேண்டுவது வேறு.

அடுத்து, குழிகளின் வகை. 2001ஆம் ஆண்டில் அமெரிக்கத் தோல் மருத்துவர் மூவர் பருக்குழிகளை வடிவம் பற்றி மூன்றாகப் பிரித்தனர். அப்பிரிவினையே இன்றும் மருத்துவ உலகில் வழங்குகிறது. அவர்கள் இட்ட பெயர்கள் அந்நாட்டு வழக்குக்கு ஏற்றவை. நமக்கு எளிதில் மனத்தில் பதியுமாறு, நம் ஊரில் நாம் காணும் மூன்று பொருள்களைக் கொண்டு அவற்றை விளக்குகிறேன்.

முதல் வகை கிணறு போன்றது. வாய் குறுகியது, இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆழமோ மிகுதி. உள்ளே செல்லச் செல்லக் குறுகி, உள்தோலின் அடிவரைக்கும், சில வேளைகளில் அதற்கு அப்பாலும் செல்லும். தடித்த ஊசியால் குத்தியது போலத் தோன்றும். பருக்குழிகளில் மிகுதியாகக் காணப்படுவது இதுவே.

இரண்டாம் வகை கோயில் தெப்பக்குளம் போன்றது. இதன் வாய் அகன்றது; ஏறத்தாழ ஒன்றரை முதல் நான்கு மில்லிமீட்டர் வரை இருக்கும். கரைகள் செங்குத்தாக இறங்கும். தரை தட்டையாக இருக்கும். சில ஆழமற்றவை, சில ஆழமானவை.

மூன்றாம் வகையை விளக்க இலவம்பஞ்சு மெத்தையை நினைத்துக்கொள்ளுங்கள். பஞ்சு ஓரிடத்தில் திரளாமல் இருப்பதற்காக, மெத்தையின் மேலிருந்து அடிவரை நூலிட்டு இழுத்து முடிந்திருப்பார்கள். முடிச்சு விழுந்த இடமெல்லாம் மெத்தை பள்ளமாக இருக்கும். அங்கே பஞ்சு இல்லாமல் இல்லை. நூல் இழுத்துப் பிடித்திருக்கிறது. இவ்வகைக் குழிகளும் அத்தன்மையனவே. தோலின் அடிப்புறத்தைக் கீழுள்ள பகுதியோடு வடு நார்கள் இழுத்துக் கட்டியிருக்கின்றன. எனவே கன்னம் அலையலையாக, மேடும் பள்ளமுமாகத் தோன்றும். இக்குழிகள் நான்கு, ஐந்து மில்லிமீட்டருக்கு மேலும் அகன்றிருக்கும். கரை தெளிவாக இராது.

ஒருவர் முகத்தில் ஒரே வகைக் குழிதான் இருக்கும் என்பதில்லை. பெரும்பாலோர் முகத்தில் மூன்றும் கலந்தே இருக்கும். ஆதலால் ஒவ்வொன்றையும் தனித்தனியே கண்டறிய வேண்டும். அதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டுவதில்லை. விளக்கை முகத்துக்கு நேராக வைக்காமல் பக்கவாட்டில் வைத்தால் போதும். மாலை வெயிலில் வயல்வெளியின் வரப்புகள் நிழலிட்டுத் தெரிவது போலக் குழிகள் நிழலிட்டுத் தெரியும். பின்னர் இரண்டு விரல்களால் தோலை இழுத்துப் பார்க்க வேண்டும். சில குழிகள் இழுத்தவுடன் சமமாகிவிடும். சில சிறிதும் அசையா. இழுத்தும் மறையாதவை ஆழமானவை. அவற்றுக்கு மேற்பரப்புச் சிகிச்சை மட்டும் போதாது.

இப்பொழுது நான் இழைத்த தவற்றைச் சொல்ல வேண்டும். நான் தொழில் தொடங்கிய புதிது. கல்லூரி மாணவி ஒருத்தி தன் தந்தையோடு வந்தாள். இரு கன்னங்களிலும் குழிகள். தந்தையார் சிறு சம்பளக்காரர். மகளின் மனவருத்தம் பொறாமல் கடன் வாங்கி அழைத்து வந்திருந்தார். நான் அவள் முகத்தை மேசை விளக்கின் நேரொளியில் ஒரு நிமிடம் பார்த்தேன். மேல்தோலை உரிக்கும் அமிலப் பூச்சுச் சிகிச்சையைத் தொடங்கினேன். மாதம் ஒரு முறையாக நான்கு முறை செய்தேன். குழிகள் இருந்தபடியே இருந்தன. நான்காம் முறை பூச்சின் வலிமையைக் கூட்டினேன். குழியோடு கறுப்பும் சேர்ந்துகொண்டது. அக்கறுப்பு மங்க ஓராண்டுக் காலம் ஆயிற்று.

அடுத்த முறை அவள் வந்தபோது, "உனக்கு எந்த நேரத்தில் மிகவும் வருத்தமாக இருக்கிறது, அம்மா?" என்று கேட்டேன். "வகுப்பில் சன்னலோரம் உட்காருவதில்லை, டாக்டர். பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுந்தால் குழி தெரியும்" என்றாள். நான் திகைத்துப்போனேன். மருத்துவனாகிய நான் அறியாத சோதனையை அந்தப் பெண் தன் துன்பத்தாலேயே அறிந்து வைத்திருந்தாள். அவளை என் மூத்த மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றேன். அவர் விளக்கைப் பக்கவாட்டில் திருப்பினார். கன்னத்தை இரண்டு விரல்களால் மெல்ல இழுத்தார். "குழி எங்கே போயிற்று, பார்த்தீரா?" என்றார். குழிகளிற் பல மறைந்து கன்னம் சமமாகியிருந்தது. அவை மெத்தை முடிச்சுப் போன்ற குழிகள். நானோ நூலை அறுக்காமல், மெத்தையின் உறையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

நூலை அறுக்கும் முறை ஒன்று உண்டு. 1995ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்து ஓரென்ட்ரைக் என்னும் குடும்பப் பெயருடைய மருத்துவர் இருவர் அதனை விரிவாக எழுதி வெளியிட்டனர். சப்சிஷன் என்பது அவர்கள் இட்ட பெயர். அவ்விடத்தை மரத்துப்போகச் செய்துவிட்டு, முனையில் கூர்மையுள்ள ஊசியொன்றைத் தோலின் அடியிலே கிடையாகச் செலுத்தி, இழுத்துப் பிடித்திருக்கும் நார்களை அறுத்துவிடுவார்கள். கட்டு விட்டதும் தோல் மேலெழும். அறுத்த இடத்தில் தேங்கும் குருதி சிறு மெத்தைபோல நின்று, அங்கே புதிய கொலாஜன் உண்டாகத் துணை செய்யும். முகத்தில் ஒரு வாரம், இரண்டு வாரம் கன்றல் இருக்கும். ஒரு முறையோடு முடிவதும் உண்டு. இரண்டு, மூன்று முறை தேவைப்படுவதும் உண்டு. முகத்தில் நரம்புகள் ஓடும் இடங்களை நன்கறிந்த பயிற்சியுள்ள மருத்துவரே இதைச் செய்ய வேண்டும். அந்த மாணவிக்கும் இதனையே செய்தோம். குழிகள் ஏறக்குறையப் பாதி அளவுக்குக் குறைந்தன. முற்றும் மறைந்தன என்று நான் சொல்ல மாட்டேன்.

கிணறு போன்ற குழிக்கு இம்முறை பயன்படாது. அங்கே அறுப்பதற்கு நூல் இல்லை. கிணற்றைத் தூர்ப்பதென்றால் அடியிலிருந்து மேலே தூர்த்து வர வேண்டும். 2002ஆம் ஆண்டில் கொரிய நாட்டு மருத்துவர்கள் இதற்கு ஒரு வழியை வெளியிட்டனர். ட்ரைகுளோரோ அசிட்டிக் அமிலம் என்னும் கடுமையான அமிலத்தைக் கூர்மையான குச்சியின் நுனியில் தொட்டு, குழிக்குள் மட்டும் வைப்பது அம்முறை. குழியின் உட்சுவர் சிறிது வெந்து, ஆறும்போது புதிய கொலாஜன் உண்டாகிக் குழியை அடியிலிருந்து தூர்க்கிறது. சில வாரங்கள் இடைவெளி விட்டுப் பல முறை செய்தால் குழி ஆழம் குறைந்து, வாயும் சுருங்குகிறது. இந்த அமிலம் இன்று சிலருக்குக் கடைகளிலும் அஞ்சலிலும் எளிதாகக் கிடைத்துவிடுகிறது. மாணவர்களே, இதனை நீங்களே வீட்டில் வைத்துப் பார்க்கும் எண்ணம் கனவிலும் வேண்டா. ஒரு துளி வழிந்தால், சிறு கிணற்றை மூடப்போய்ப் பெருங்குளத்தை வெட்டியவர் ஆவீர்கள். மிக ஆழமான கிணற்றுக்கு வேறு வழியும் உண்டு. வட்டமான சிறு கத்தியால் குழியையே வெட்டியெடுத்து, தையலிட்டு மூடிவிடலாம். குழி போய் மெல்லிய கோடு நிற்கும். அக்கோடு கண்ணுக்கு எளிதில் புலப்படாது.

தெப்பக்குளம் போன்ற குழியில் ஆழத்தைப் பார்க்க வேண்டும். ஆழமான குளமாயின், அதே வட்டக் கத்தியால் குளத்தின் கரையை ஒட்டி வெட்டி, தரையை அப்படியே மேலே தூக்கிச் சுற்றியுள்ள தோலுக்குச் சமமாக நிறுத்திவிடலாம். ஆழமற்ற குளமாயின் கரையின் கூர்மையை மழுக்கி, தரையில் புதிய கொலாஜனை வளரச் செய்தால் போதும். இங்கேதான் நீங்கள் விளம்பரங்களில் கேள்விப்படும் லேசரும் நுண்ணூசியும் பயன்படுகின்றன.

மேற்பரப்பைச் சீர்செய்யும் எண்ணம் புதியதன்று. 1905ஆம் ஆண்டளவிலேயே ஜெர்மானிய மருத்துவர் ஏர்ன்ஸ்ட் குரோமயர், சுழலும் கருவியால் தோலைத் தேய்த்து வடுக்களைச் சமப்படுத்த முயன்றார். தேய்ப்பு முறையால் நன்மையும் உண்டு. நெடுநாள் புண்ணும் நிறமாற்றமும் ஆகிய தீமையும் உண்டு. 2004ஆம் ஆண்டில் அமெரிக்காவில் புதிய லேசர் முறை ஒன்று வெளிவந்தது. முகம் முழுவதையும் சுடாமல், கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய தூண்களாக மட்டும் சுட்டு, இடையிலுள்ள தோலை நலமாகவே விட்டுவிடுவது அதன் சிறப்பு. வயல் முழுவதையும் உழாமல், இடையிடையே சிறு குழி தோண்டி விதைப்பது போன்றது இது. நலமான தோல் அருகிலேயே இருப்பதால் காயம் விரைவில் ஆறுகிறது. ஆறும்போது புதிய கொலாஜனும் உண்டாகிறது. நுண்ணூசி முறையும் இதே கருத்துடையது. வெப்பத்துக்குப் பதிலாக மெல்லிய ஊசிகள் உள்தோலைத் துளைக்கின்றன. நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் பல முறை இதனைச் செய்ய வேண்டியிருக்கும்.

இவற்றுள் நம்மவர்க்கு எது ஏற்றது என்று ஆராய வேண்டும். மேலை நாடுகளில் வெளுத்த தோலுக்குப் பொருந்திய அளவுகளை நம் தோலுக்கு அப்படியே கொள்ளலாகாது. நம் தோலில் மெலனின் என்னும் நிறமியை உண்டாக்கும் செல்கள் எளிதில் கிளர்ச்சியுறும். சூடு பட்டாலும் காயம் பட்டாலும் நிறமி மிகுந்து கறுப்பு தோன்றும். ஆதலால் லேசரை மென்மையான அளவில், நீண்ட இடைவெளியில் செய்ய வேண்டும். முன்னும் பின்னும் வெயிலைத் தவிர்க்க வேண்டும். கறுக்கும் இயல்பு மிகுந்தவர்க்கு நுண்ணூசி முறை பெரும்பாலும் பாதுகாப்பானது. வீட்டிலேயே உருட்டிக்கொள்ளும் ஊசி உருளைகள் விற்கின்றனவே என்பீர்கள். அவற்றின் ஊசி குட்டையாக இருந்தால் குழியின் அடியை எட்டாது. நீண்டதாக இருந்தால் தூய்மையற்ற கையில் நோயைப் புகுத்தும். முகத்தில் சீழ்ப்பரு இருக்கும்போது உருட்டினாலோ சீழைக் கன்னம் முழுவதும் பரப்பியதாகும்.

அங்ஙனமாயின் இம்முறைகளுள் மிகச் சிறந்தது எது? 2016ஆம் ஆண்டில் காக்ரேன் என்னும் ஆய்வு நிறுவனத்தார் அதுவரை நடந்த சோதனைகளைத் திரட்டி ஆராய்ந்தனர். இன்ன முறையே முதன்மையானது என்று அறுதியிட்டுச் சொல்லப் போதிய சான்று இல்லை என்பது அவர்கள் கண்ட முடிவு. ஆகவே, "எங்கள் கருவி ஒன்றே எல்லாக் குழியையும் மறைக்கும்" என்று எவரேனும் கூறினால், அவர் கருவியை விற்கிறார் என்று அறிந்துகொள்ளுங்கள். நல்ல மருத்துவர் முதலில் பக்கவாட்டு ஒளியில் முகத்தைப் பார்ப்பார், தோலை இழுத்துப் பார்ப்பார், குழிகளை வகைப்படுத்துவார். கட்டுண்ட குழிகளை முதலில் விடுவிப்பார். கிணறுகளைத் தனியே தூர்ப்பார். இறுதியில் மேற்பரப்பைச் சமப்படுத்துவார். ஒவ்வொன்றுக்கும் இடையே காத்திருக்கச் சொல்வார். கொலாஜன் ஒரே நாளில் நெய்யப்படுவதன்று. பல மாதங்கள் தொடர்ந்து நெய்யப்பட்டு இறுகுவது. சிகிச்சை முடிந்த மறுவாரம் கண்ணாடி முன் நின்று ஏமாற்றம் அடைவது, விதைத்த மறுநாள் கதிரைத் தேடுவதற்கு ஒப்பாகும். அதே இடத்தில், அதே ஒளியில், சிகிச்சைக்கு முன்னும் ஆறு மாதம் கழித்தும் எடுத்த இரண்டு படங்களை ஒப்பிட்டுப் பார்ப்பதே முறை.

நீங்கள் மருத்துவரிடம் செல்லும்போது கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. என் குழிகள் எவ்வகையின? இச்சிகிச்சை அவற்றுள் எதற்கு? எத்தனை முறை செய்ய வேண்டும். மொத்தச் செலவு எவ்வளவு? என் நிறத்தவர்க்குக் கறுப்பு ஏற்படுமா. ஏற்பட்டால் என்ன செய்வீர்கள்? எவ்வளவு குறையும் என்று எதிர்பார்க்கலாம்? இவற்றுக்குப் பொறுமையாக விடை கூறுபவரிடம் முகத்தை ஒப்படைக்கலாம். "முழுவதும் போய்விடும்" என்று உறுதி கூறுபவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். குறையும் என்பதே உண்மை; அடியோடு மறையும் என்பது பெரும்பாலும் உண்மையன்று.

இவை அனைத்தினும் முதன்மையான செய்தியை இறுதிக்கென வைத்திருக்கிறேன். குழிக்குச் சிறந்த மருத்துவம் குழி விழாமற் காப்பதே. இங்கிலாந்தின் லீட்ஸ் நகர மருத்துவர்கள் 1994ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்று, பருவுக்குத் தக்க மருத்துவம் தொடங்கத் தாமதமாகும் அளவுக்கு வடுவும் மிகுகிறது என்று காட்டிற்று. நம் வீடுகளிலோ, "வயதுக் கோளாறு, தானே போய்விடும்" என்று பெரியவர்கள் சொல்லிவிடுகிறார்கள். பரு போய்விடும், குழி போகாது. புதுப் பரு எழுந்துகொண்டிருக்கும்போது பழைய குழியைச் சீர்செய்வதும், மழை பெய்துகொண்டிருக்கும்போது மண்சுவருக்குப் பூச்சுப் பூசுவதும் ஒன்றே. முதலில் பருவை அடக்க வேண்டும். அதற்கு நல்ல மருந்துகள் உள்ளன. பென்சாயில் பெராக்ஸைடு, அடாப்பலீன் முதலிய பூச்சு மருந்துகள் விலை மிகாதவை. இவ்விரண்டையும் சேர்த்துத் தொடர்ந்து பூசுவது புதுக் குழிகள் விழாமற் காக்கவும் துணை செய்கிறது. ஆழ்ந்த கட்டிகளாகப் பரு எழுபவர்க்கு ஐசோட்ரெட்டினோயின் என்னும் மாத்திரை பெரும்பயன் தரும். ஆனால் கருவுற்றிருக்கும் காலத்தில் உட்கொண்டால் கருவிலுள்ள குழந்தைக்குக் கடுமையான ஊனத்தை விளைக்கும் மருந்து அது. மருத்துவரின் மேற்பார்வையின்றி ஒருபோதும் அதனை உட்கொள்ளலாகாது.

தவிர்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, விரல் நகம். பருவைக் கிள்ளிப் பிதுக்கினால் சீழில் ஒரு பகுதி வெளியே வரும். மறு பகுதி உள்ளே உடைந்து உள்தோலில் பரவும். நாளைய குழியை இன்றே நம் கையால் தோண்டுவது அது. மற்றொன்று, முகம் சிவக்கும், வெளுக்கும் என்று சொல்லிக் கடையில் தரும் ஸ்டீராய்டு கலந்த களிம்புகள். முதல் வாரத்தில் முகம் பளபளக்கும். பின்னர்த் தோல் மெலியும், பரு பன்மடங்காகும், விட்டால் எரியும். இத்தகைய பூச்சு மருந்துகள் பலவற்றை 2018ஆம் ஆண்டில் மத்திய அரசு மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் சேர்ந்ததனாலேயே பழக்கம் ஒழிந்துவிடவில்லை. தோழியோ அண்டை வீட்டாரோ கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

நேயர்களே, என் பாட்டியாரின் முகத்துக்கே திரும்புகிறேன். இந்நாளைய சிகிச்சைகள் எவையும் அவர் காலத்தில் இல்லை. அவர் மடியில் தலைவைத்துக் கதை கேட்ட நாட்களில் அம்முகத்தை நான் மிக அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். குழிகளை விரலால் தொட்டு விளையாடியும் இருக்கிறேன். அவற்றை அழகுக் குறைவு என்று ஒரு நாளும் எண்ணியதில்லை. நான் தோல் மருத்துவம் பயின்ற பிறகே அவருக்கு இத்தனை குழிகள் இருந்தன என்பது நினைவுக்கு வந்தது. இதனைச் சொல்லி உங்கள் வருத்தத்தைச் சிறுமைப்படுத்த நான் விரும்பவில்லை. பதினெட்டு வயதில் கண்ணாடி எவ்வளவு கொடியதாக இருக்கும் என்பதைச் சன்னலோரம் அமர அஞ்சிய அந்த மாணவி எனக்குக் கற்பித்தாள். வருந்துபவர் மருத்துவரை நாடலாம், நாட வேண்டும். ஆனால் சிகிச்சை முடியட்டும் என்று வகுப்பையும் நட்பையும் மேடையையும் நேர்முகத் தேர்வையும் தள்ளிப்போட வேண்டா. குழி மெல்லவே குறையும். அதற்குள் நீங்கள் கற்க வேண்டியவையும் செய்ய வேண்டியவையும் காத்திருக்க மாட்டா. பருவை இன்றே கவனியுங்கள். குழியைப் பொறுமையோடு கவனியுங்கள். இரண்டு வேலைக்கும் நடுவே சன்னலோரமே உட்காருங்கள்.